கோரைப்பாய்க்குள் ஒரு டின்

செந்திலுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதி, அடித்துவிட்டேன். பயந்துவிடாதே, உடம்புக்கு யாருக்கும் ஒன்றும் இல்லை. போன திங்கட்கிழமையிலிருந்து உன் அம்மா என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். சாப்பாட்டு நேரத்துக்குத் தட்டு வருகிறது, குழம்பு வருகிறது, அவள் வருவதில்லை. அவள் மேல் தப்பே கிடையாது. ஏன் என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மயிலாப்பூரிலிருந்து நங்கநல்லூருக்கு வர ஒரு மணி நேரம் ஆகுமா, நேரில் வந்து சொல்லிவிடலாமே, எதற்கு இத்தனை தாள் என்று நீ கேட்பாய். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இருந்திருந்தால் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருப்பேன். மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, கதவைப் பாதி சாத்திவிட்டு, பெயிண்ட் டின்களுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் புது வீட்டைப் பார்க்க வந்தபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, சமையலறை அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த ஆரஞ்சு ஸ்குவாஷ் பாட்டில். லேபிள்கூடக் கிழியாமல் புதுசாக இருந்தது. குடிக்கக் கொஞ்சம் கலந்துகொள்ளலாம் என்று நானே மூடியைத் திறந்தேன். மூக்கு எரிந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளே இருந்தது கக்கூஸ் கழுவுகிற ஆசிட். இரண்டாவது, சாப்பிட்டபின் நான் சற்றுச் சாய்வதற்கு நீ பாய் எடுத்து வந்தாய். விரிப்பதற்கு முன் சுருட்டிய பாயைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தாய். பிறகு இரண்டு தரம் உதறினாய். மாலதி சிரித்துவிட்டாள். "தினமும் இதே கூத்துதான் மாமா. பாய்க்குள்ள என்ன பாம்பா இருக்கும்? காய்கறிப் பையைக்கூட இவர் எட்டிப் பாத்த பிறகுதான் நான் கவுக்கணும்" என்றாள். நீயும் சிரித்தாய். புதுப் பெண், பாவம், அவளுக்கு என்ன தெரியும். நான் பாயில் சாயவே இல்லை. தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, வெயில் இறங்குவதற்குள் ரயிலேறிவிட்டேன்.

உன் அம்மாவின் இடது கண் எப்படிப் போயிற்று என்று நீ நம்பிக்கொண்டிருப்பது ஒன்று. நடந்தது வேறு. இதைத்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்கமாட்டேன். ஆனால் முதலில் அந்த ஆசிட் பாட்டிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைப் பற்றி என்றால் எனக்குத் தடையில்லாமல் எழுத வரும். கடைக்காரப் புத்தி என்று வைத்துக்கொள்.

நல்ல பாட்டிலைத் தூக்கிப் போட நம் வீடுகளில் யாருக்கும் மனசு வராது. கழுவிக் காயவைத்து, நாளைக்கு எதற்காவது ஆகும் என்று எடுத்து வைப்போம். அந்த "எதற்காவது" என்பதுதான் பிசாசு. நான் மட்டும் என்ன யோக்கியம்? இந்தக் கடையில் டர்பென்டைனை உதிரியாக வாங்க வருகிறவர்கள் வீட்டிலிருந்து என்ன கொண்டு வந்தாலும் அதில் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். நல்லெண்ணெய் பாட்டில், ஜுர மருந்து பாட்டில், தேன் பாட்டில். ஒரு தரம் ஒருவர் குழந்தையின் பால் புட்டியையே கொண்டு வந்தார். அதிலும் ஊற்றினேன். இன்றைக்கு நினைத்தால் கை கூசுகிறது. நீ அதைச் செய்யாதே. ஆசிட் எந்தப் பாட்டிலில் வந்ததோ அந்தப் பாட்டிலிலேயே இருக்கட்டும். பேர் ஒட்டியிருக்க வேண்டும், பேர் அழிந்தால் பெரிசாக நீயே எழுதி ஒட்டு. தின்கிற, குடிக்கிற சாமான் இருக்கிற அலமாரியில் அதற்கு இடமே கிடையாது. மூட்டைப்பூச்சி மருந்து, பினாயில், எறும்புப் பொடி எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான். எறும்புப் பொடியை டால்டா டப்பாவில் போட்டு வைத்து, கோதுமை மாவு என்று நினைத்துப் பிசைந்த வீடு எனக்குத் தெரியும். குளியலறைக்கு வெளியே உன் தோள் உயரத்துக்கு மேலே ஒரு சின்ன அலமாரி அடித்து, பூட்டுப் போடு. இப்போது வீட்டில் குழந்தை இல்லையே என்பாய். இன்னும் ஒரு வருஷம் கழித்து அதைப் பார்க்கலாம். அந்த ஸ்குவாஷ் பாட்டிலைக் காலியாக்கியதும், உன் பரம்பரைப் புத்தியில் கழுவி வைக்காமல், உடைத்துக் குழியில் புதைத்துவிடு.

இன்னும் சில. ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைப் போடாதே. இரண்டும் சேர்ந்தால் வருகிற புகை நெஞ்சை அடைக்கும். எதிர் வரிசைத் துணிக்கடை முதலாளி பண்டிகைக்கு முந்தின நாள் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்தார். அவரை வெளியே தூக்கிக்கொண்டு வந்து போட்டோம். மண்ணெண்ணெய் டின் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. எரிகிற ஸ்டவ்வில் எண்ணெய் ஊற்றக் கூடாது. யாராவது தெரியாமல் மண்ணெண்ணெயோ ஆசிட்டோ விழுங்கிவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதே, பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. இதை ஒரு டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவரை எந்த ஆஸ்பத்திரியில் பார்த்தேன் என்பது உனக்குத் தெரியும்.

சரி. சுற்றி வளைத்து அங்கேயே வந்துவிட்டேன்.

நம் பழைய வீட்டில் மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து உண்டே, ஞாபகம் இருக்கிறதா? நீ ஒளிந்து விளையாடுவாய், அம்மா சத்தம் போடுவாள். அவள் சத்தம் போட்டது உனக்காக மட்டும் இல்லை, எனக்காகவும்தான். கடையில் டப்பா நசுங்கிப்போய் விற்காத வார்னிஷ், பெயிண்ட் கரைக்க ஊற்றிப் பாதி தீர்ந்த தின்னர், பேர் தெரியாத பாலிஷ், எல்லாவற்றையும் கொண்டு வந்து அங்கேதான் திணிப்பேன். ஒருநாள் நம் வீட்டுக் கதவுக்கே பெயிண்ட் அடிக்கலாம் என்று நினைப்பு. அந்த வருஷம் மார்கழியில் நிஜமாகவே அடித்தேன். அடித்து முடித்ததும் ஒரு தின்னர் டின்னில் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மூடியை வைத்து, சுத்தியலால் சுற்றிலும் தட்டி, இறுக்கி மூடினேன். அதில் நான் கெட்டிக்காரன். என் கையால் மூடிய டின் ஒழுகியதே கிடையாது.

உன் அம்மா பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள். "அந்த டின்னக் கடைக்குக் கொண்டு போயிருங்க. படிக்கு அடியில அது இருக்கையில எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது. புள்ள அங்கதான் போய்ப் பூந்துக்கிடுதான்." சரி என்றேன். மறுநாள் கேட்டாள், சரி என்றேன். மூன்றாம் தரமும் சரி என்றேன். கொண்டு போகவில்லை. பெரிய காரணம் எதுவும் இல்லை செந்தில். சைக்கிளில் மாட்டிக்கொண்டு தியாகராய நகர் வரை போனால் வேட்டியில் வாடை ஒட்டிக்கொள்ளும் என்று சோம்பல். அதுதான் காரணம். அந்தக் கண்ணுக்கு நான் வைத்த விலை ஒரு வேட்டி.

போகிக்கு முந்தின சாயங்காலம் தெருவில் எல்லார் வீட்டு வாசலிலும் பழசுகளைக் குவித்தார்கள். நம் வீட்டிலும் கிழிந்த முறம், உடைந்த கூடை, இற்றுப்போன துடைப்பம் எல்லாம் வந்தன. அம்மா உள்ளே வெல்லம் பொடித்துக்கொண்டிருந்தாள். நான் கிழிந்துபோன ஒரு பழைய கோரைப்பாயை எடுத்தேன். அதை விரித்து, தின்னர் டின்னை நடுவில் வைத்து, இறுக்கமாகச் சுருட்டி, சணல் கயிற்றால் கட்டி, குவியலோடு சேர்த்து வைத்தேன். வெறும் டின்னாக வைத்தால் அவள் பார்த்துவிடுவாள், விடமாட்டாள். பாய்க்குள் இருந்தால் பாயோடு போய்விடும். கொஞ்சம் பெரிதாக எரியும், பிள்ளைகள் கைதட்டுவார்கள், பொந்து காலியாகிவிடும், நானும் கடைக்குக் கொண்டு போய்விட்டேன் என்று சொல்லிவிடலாம். எனக்குத் தெரியாதா? கடைக்கு வருகிறவர்களிடம் "நெருப்புப் பக்கம் கொண்டு போகாதீங்க" என்று நாளைக்குப் பத்துத் தரம் சொல்லுகிறவன்தானே நான்? இறுக்கி மூடிய டின்னைச் சூடாக்கினால் என்ன ஆகும் என்று அந்தத் தெருவில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். தெரிந்ததைக் கடையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வருகிற ஆளாக இருந்திருக்கிறேன்.

விடியற்காலையில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் நீ நின்ற இடத்திலிருந்துதான் உனக்கு ஞாபகம் இருக்கும். நான் நின்ற இடத்திலிருந்து சொல்லுகிறேன். நான் வாசல்படியில் காப்பி டம்ளரோடு நின்றேன். நீ மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அடித்து அடித்துக் களைத்து, அதை இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொன்றாக நெருப்பில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். கூடையைப் போட்டாய். முறத்தைப் போட்டாய். பிறகு பாயைத் தூக்கினாய். கனத்தது போலிருக்கிறது, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாய். நான் பார்த்தேன். "அதை வைடா" என்று சொல்ல நேரம் இருந்தது. வாயில் காப்பி இருந்தது, முழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்றுகூட நினைக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்துவிட்டு எரிந்தபோது நீ குதித்தாய். கோலப்பொடியோடு வெளியே வந்த உன் அம்மாதான், "தள்ளி நில்லு, தள்ளி நில்லு" என்று ஓடிவந்து உன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். நீ இருந்த இடத்துக்கு அவள் வந்தாள். அப்போதுதான் வெடித்தது. மூடி அவள் முகத்தில் அடித்தது. எரிகிற தின்னர் தோளிலும் கையிலும் தெறித்தது.

தெருவே கூடிவிட்டது. ஒருவர் புண்ணில் தடவப் பேனா மையைக் கொண்டு வா என்றார், ஒருவர் மாவைப் பூசு என்றார். தெருமுனையில் ரிக்‌ஷா நிறுத்தியிருந்த கன்னியப்பன்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "இன்னா நைனா, மரமாட்டம் நின்னுகினு கீற? தண்ணி எட்தா. மாவும் பூசாத, ஒண்ணியும் பூசாத. தண்ணிய ஊத்திகினே இரு. கண்ண மட்டும் கசக்க வுடாத" என்று என்னை அதட்டினான். அவன் சொன்னதைச் செய்தேன். குடம் குடமாக ஊற்றினேன். அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: "யாருய்யா டின்னை நெருப்புல போட்டது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெயிண்ட் கடைக்காரன் வீட்டு வாசலில் பெயிண்ட் டின் வெடித்திருக்கிறது. அவமானம் பிடுங்கித் தின்றது. பெண்டாட்டி அலறிக்கொண்டிருக்கிறாள், எனக்கு அவமானம். "பய படிக்கு அடியில இருந்து எடுத்துப் போட்டிருப்பான்" என்றேன். நீ அழுதுகொண்டே, "நான் பாயத்தாம்ப்பா போட்டேன். டின்னு போடலப்பா" என்றாய். உனக்கு அப்போது பத்து வயசு. உன் பக்கம் திரும்பி நான் சொன்னது ஒரு வார்த்தை பிசகாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கும் இருக்கும். "பாய்க்குள்ள என்ன இருக்குன்னு பாத்தியால?"

அன்றிலிருந்து நீ பார்த்துக்கொண்டே இருக்கிறாய்.

கன்னியப்பனின் ரிக்‌ஷாவில்தான் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அவளை உள்ளே எடுத்துக்கொண்டு போன பிறகு, அவன் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான். "புள்ளைய அடிச்சிடாத நைனா. பாயில டின்னு தானா போயி பூந்துக்காது" என்றான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் அந்த முனையில் நின்றால் நான் வேறு தெரு வழியாகத்தான் கடைக்குப் போவேன். அவன் இருக்கிற வரைக்கும் அப்படித்தான் போனேன்.

கண் கட்டைப் பிரிக்கிற அன்று டாக்டர் வந்து, இடது கண் போனது போனதுதான் என்று சொன்னார். நீ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அவர் சட்டையைப் பிடித்து, "எனக்கு ரெண்டும் நல்லா தெரியுது டாக்டர். ஒண்ண எடுத்து அம்மாவுக்கு வைங்க. நான்தான் பாயப் போட்டேன்" என்றாய். அவர் உன் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார். அம்மா கட்டுப் போட்ட கையை நீட்டி உன்னைத் தேடினாள். "நீ வேணும்னா செஞ்ச? தெரியாமதான போட்ட? அழாத ராசா" என்றாள். நான் அந்த அறையின் கதவருகில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு எட்டு எடுத்து வைத்திருந்தால் போதும். அதற்கு முன்னாலேயே அவள் என்னைத் தனியாகக் கேட்டிருந்தாள், அந்த டின்னைக் கடைக்குக் கொண்டு போகவில்லையா என்று. மறந்துவிட்டேன், பொந்திலேயே இருந்தது, பையன் கண்ணில் பட்டிருக்கிறது என்று சொல்லியிருந்தேன். பாதி உண்மையை வைத்துப் பொய்யைக் கட்டினால் எவ்வளவு பலமாக நிற்கிறது தெரியுமா? பன்னிரண்டு வருஷம் நின்றிருக்கிறது.

அப்புறம் ஊசி. அம்மா தையல்காரருக்காக ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டுவாள், புடவை ஓரம் அடிப்பாள். ஒற்றைக் கண்ணுக்கு ஊசிக்காது கிட்ட இருக்கிறதா தள்ளி இருக்கிறதா என்று தெரியாதாம். நூலைக் காற்றில் குத்திக் குத்தி அழுவாள். ஒருநாள் காலையில் நீ பள்ளிக்கூடப் பையைக் கீழே வைத்துவிட்டு, பத்து ஊசி எடுத்து, பத்திலும் நூல் கோத்து, பழைய கம்பளித் துண்டில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போனாய். யாரும் உன்னிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒருநாள் தவறியதில்லை. ஜுரத்தில் கோத்தாய். பரீட்சைக்குப் போகிற காலையில் கோத்தாய். கல்யாணத்தன்று பட்டு வேட்டியோடு உட்கார்ந்து கோத்தாய், ஓமத்துப் புகையைக் கண்டால் முகம் வெளுக்கிற பிள்ளை ஊசி கோக்கிறபோது மட்டும் நிதானமாக இருந்தாய். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "தாய் மேல எம்புட்டுப் பாசம்" என்று சொல்லுவார்கள். நானும் ஆமாம் போடுவேன். அது பாசம் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். பத்து வயசுப் பிள்ளை தனக்குத் தானே போட்டுக்கொண்ட தண்டனை அது. அதைப் போட்டுக்கொள்ள வேண்டிய நான் காப்பி குடித்துக்கொண்டு, பேப்பர் படித்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

என் பங்குக்கு நான் ஒன்று செய்தேன். செய்தேன் என்று சொல்லிக்கொள்ளத்தான் வெட்கமாக இருக்கிறது. மிச்சம் இருக்கிற பெயிண்ட், தின்னர், வார்னிஷ் எதுவானாலும் கடைக்கே திருப்பிக் கொண்டு வாருங்கள் என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்ல ஆரம்பித்தேன். அடுத்த வேலைக்கு ஆகும் என்று பெயிண்டர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். ஒன்றுக்கும் ஆகாததை மணலில் கொட்டிக் கிளறி, நெருப்பு நெருங்காத பின்கட்டில் திறந்து வைத்து, நன்றாகக் காய்ந்து கட்டியான பிறகுதான் வெளியே போடுவேன். சாக்கடையில் ஒரு சொட்டு ஊற்றவிடமாட்டேன். முதலில் கேலி செய்தார்கள். பிறகு, "அண்ணாச்சி பெண்டாட்டிக்கு நேர்ந்ததிலிருந்து எவ்வளவு ஜாக்கிரதை பாருங்க, நல்ல மனுஷன்" என்றார்கள். அந்த நல்ல மனுஷன் பட்டத்தையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன் செந்தில். வேண்டாம் என்று சொல்லவில்லை. நீயும் இதையே செய். மிஞ்சியதைப் பயன்படுத்துகிறவனுக்குக் கொடு, அல்லது விற்ற இடத்தில் கொண்டு போய்க் கொடு. நெருப்பில் மட்டும் போடாதே, குப்பையில் ஒளித்து வைக்காதே. குப்பையைக் கிளறுகிற கையும் ஒரு பிள்ளையின் கையாக இருக்கும்.

உன் வீட்டிலிருந்து திரும்பிய மறுநாள், திங்கட்கிழமை, உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கொக்கி கட்டிக்கொண்டிருந்தாள். நீ வீடு மாறிப் போன அன்று கோத்து வைத்துவிட்டுப் போனாயே, கம்பளித் துண்டு நிறைய, அதில் பாதி இன்னும் இருந்தது. பாயை நீ உதறியதைச் சொன்னேன். பிறகு சணல் கயிறு கட்டியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த ஜாக்கெட்டை மடித்து வைத்தாள். கண்ணுக்காக என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"எங் கண்ணு போச்சுன்னா போச்சு. அதுக்கு நீங்க இன்னிக்கு அழுக வேண்டாம்" என்றாள். "அந்தப் புள்ள டாக்டர் சட்டையப் புடிச்சிக்கிட்டு நின்னானே, அப்ப நீங்க எங்க நின்னீங்க?"

"கதவுகிட்ட" என்றேன்.

"அன்னைக்கு நானும் அவன்ட்ட என்ன சொன்னேன்? தெரியாமதான போட்டன்னு சொன்னேன். அப்படின்னா என்ன அர்த்தம்? நீதான் போட்டன்னு அர்த்தம். எம் வாயாலயும் சொல்ல வச்சிட்டீங்களே" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. பிறகு கம்பளித் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, நீ கோத்து வைத்த ஊசிகளிலிருந்து ஒவ்வொரு நூலாக உருவி எடுத்தாள். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. அன்றிலிருந்து தையல் இல்லை. தையல்காரர் இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டார். நான் கோத்துத் தரட்டுமா என்று நேற்றுக் கேட்டேன். துண்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

இன்னும் பத்து நாளில் போகி. உங்களுக்கு இது தலைப் பொங்கல். போகியன்று வரமாட்டேன், மறுநாள் வருகிறேன் என்று நீ சொன்னதாக மாலதி சொன்னாள். எனக்குத் தெரியும். வருஷா வருஷம் போகி விடிவதற்குள் வீட்டைவிட்டுக் கிளம்பி, பட்டினப்பாக்கம் கடற்கரையில் புகை அடங்கும் வரை நடந்துகொண்டிருப்பாய். காற்று வாங்கப் போகிறான் என்று நான்தான் எல்லாரிடமும் சொல்லுவேன். இந்த வருஷம் உன் அம்மாவைப் பார்க்க வா. என்னை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, கேட்க வாயில்லை. நீ வருகிற அன்று நான் வீட்டில் இருக்கக் கூடாது என்றால் மாலதியிடம் சொல்லி அனுப்பு. நான் கடையைத் திறந்து உட்கார்ந்துகொள்கிறேன். ஊசி கோக்க வேண்டும் என்று வராதே. அவள் கேட்டால் கோத்துக் கொடு, கேட்காவிட்டால் சும்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்திரு.

மாலதிக்கும் இதைப் படித்துக் காட்டு. மாமனாரைப் பற்றி அவள் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. அவள் புருஷன் எதற்காகப் பாய்க்குள் எட்டிப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அந்த ஆசிட் பாட்டிலை மறந்துவிடாதே.

நீ போட்டது வெறும் பாய். டின்னை வைத்தவன் நான், கயிறு கட்டியவன் நான், பார்த்துக்கொண்டு நின்றவனும் நான். இன்றைக்குப் பாயை உதறாமல் விரித்துப் படுத்துக்கொள்ளப்பா. அதற்குள் ஒன்றும் இல்லை.

உன் தகப்பன்